கன்றுக்குட்டிச் சாணியில் ஏலக்காய்த் தோல்

1. நேரா எடுக்கணும்

முதல் நாள் வேலைக்கு இஸ்திரி போட்ட சுடிதாரும் புது வெள்ளைக் கோட்டுமாகப் போனேன். மைக்ரோபயாலஜிஸ்ட் என்றால் ஏ.சி. அறை, மைக்ரோஸ்கோப், பக்கத்தில் ஒரு காபி என்றுதான் கல்லூரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் லேபின் தலைவர் குமரேசன் சார். கால்நடை மருத்துவராக இருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர். என் கோட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு ஐஸ் பாக்ஸைக் கையில் கொடுத்தார்.

"அடி அண்ணாமலையில கன்னுக்குட்டி இருக்கிற வீடுங்களுக்குப் போய் சாணி சாம்பிள் எடுத்துட்டு வா. தரையில விழுந்தத எடுக்காத. மண்ணுல இருக்கிற கிருமியெல்லாம் சேர்ந்துக்கும். நேரா எடுக்கணும்."

"நேரான்னா சார்?"

"விழறதுக்கு முன்னாடி."

கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

இதை எழுதச் சொன்னது என் கல்லூரி ஜூனியர்கள். மைக்ரோபயாலஜி படித்தால் கடைசியில் என்ன வேலை செய்வோம் என்று கேட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம்தான் ஆகிறது. அனுபவக் குறிப்பு எழுத தலை நரைக்கவேண்டும் என்பார்கள். அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

முதல் வீடு சரளாக்கா வீடு. கிரிவலப் பாதையை ஒட்டியே வாசல். கையுறை மாட்டிக்கொண்டு நான் கன்றுக்குப் பின்னால் போய் நின்றதும் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னாம்மா படிச்சிருக்க?"

"எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜிக்கா. கிருமிங்களப் பத்தி."

"கிருமியப் பத்திப் படிச்சிட்டு எங்க கன்னுக்குட்டி பின்னாடி இன்னா தேடற?"

"கிருமி அங்கதான்க்கா இருக்கு."

உள்ளே இருந்த தன் வீட்டுக்காரரை அவர் சத்தமாகக் கூப்பிட்டார். "யோவ், இங்க வந்து பாருய்யா. பாய் வூட்டுப் பொண்ணு, எம்.எஸ்ஸி. படிச்சிட்டு சாணி எடுக்க வந்துக்குது." ஏழுமலை அண்ணா வந்து பார்த்துவிட்டு, "பாவம், நிக்கவெச்சுப் பேசாத. கன்னுக்குட்டியப் புடி" என்றார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் எனக்குப் பெயர் சாணி டாக்டர். டாக்டர் பட்டம் அவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

2. மாத்திரைக்கு மசியாத கிருமி

எதற்குச் சாணி என்று சொல்லிவிடுகிறேன். பிறந்து சில வாரங்களே ஆன கன்றுகளுக்கு வெள்ளைக் கழிச்சல் என்று ஒன்று வரும். தண்ணீராகக் கழியும், கண் உள்ளே போகும், கன்று எழுந்து நிற்காது. கவனிக்காவிட்டால் செத்துவிடும். இதற்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் ஒரு கெட்ட வகை. சரளாக்கா வீட்டில் அடுத்தடுத்து இரண்டு கன்றுகள் இப்படித்தான் போயின; முதல் நாள் நான் பின்னால் போய் நின்றதும் அதில் ஒன்று. இரண்டுமே பெட்டைக் கன்று.

கழிச்சல் கண்டதும் எல்லாரும் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் பொடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பாதி குணம் தெரிந்ததும் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஊர்க் கன்றுகளிலிருந்து எடுத்த ஈ.கோலையை பிளேட் என்கிற வட்டக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, ஆன்டிபயாடிக் தோய்த்த சின்னச் சின்ன டிஸ்க்குகளை மேலே வைத்தேன். மருந்து வேலை செய்தால் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வட்டம் தெளிவாகத் தெரியும். அதை ஸோன் என்போம். மறுநாள் காலை பார்த்தால், வழக்கமாகக் கொடுக்கிற மருந்து ஒன்றுக்கும் ஸோன் இல்லை. டிஸ்க்கின் ஓரம் வரை வந்து ஒட்டி உட்கார்ந்திருந்தது கிருமி.

"மருந்த தலகாணியா வெச்சுப் படுத்திருக்கு" என்றார் சார்.

அதனால் வேறு வழி. ஆரோக்கியமான கன்றின் குடலிலேயே நல்ல பாக்டீரியாக்கள் உண்டு. லாக்டோபேசிலஸ் அதில் ஒரு கூட்டம். பாலைத் தயிராக்குகிற ஜாதி. அது அமிலத்தைச் சுரந்து, குடல் சுவரில் இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஈ.கோலையை உட்கார விடாது. கழிச்சலே வராத கன்றுகளின் சாணியிலிருந்து அதைப் பிரித்தெடுத்து வளர்த்து, மற்றக் கன்றுகளுக்குக் காலைப் பாலில் கலந்து கொடுத்தால் என்ன? இதுதான் எங்கள் வேலை.

எங்கள் லேப் செங்கம் ரோட்டில் ஒரு மாடியில். கீழே வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் ஒரு கஃபே. அங்கே புளிக்கவைத்த ஏதோ ஒரு பானத்தை, குடலுக்கு நல்லது என்று பலகையில் எழுதி விற்பார்கள். மேலே நாங்கள் சாணியிலிருந்து அதே மாதிரி ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தோம். படியில் பார்த்தால் கஃபேக்காரர் என் ஐஸ் பாக்ஸுக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்பார். அதில் எனக்கு ஒரு பெருமை.

நாலைந்து வகை தோற்றுப் போய், ஒன்று மட்டும் ஈ.கோலை பிளேட்டில் பெரிய ஸோன் காட்டியது. அன்று நான் வீட்டுக்குப் போய் அத்தாவிடம் அந்தப் பிளேட்டின் போட்டோவைக் காட்டினேன். "இதுல எது நல்லது, எது கெட்டது?" என்றார். "காலியா இருக்கில்ல அத்தா, அதுதான் நல்லது" என்றேன். அம்மா மட்டும், "முதல்ல கையக் கழுவு" என்றார்.

3. பௌர்ணமிக்கு லீவு

அடுத்த வருஷம் ட்ரையல் ஆரம்பித்தோம். ஊரில் பாதி வீட்டுக் கன்றுகளுக்குக் கல்ச்சர், அதாவது நாங்கள் வளர்த்த அந்த நல்ல பாக்டீரியா, கலந்த பால், பாதி வீட்டுக்கு வெறும் பால். இந்த இரண்டாவதுதான் கண்ட்ரோல் குரூப். சரளாக்கா வீட்டில் அப்போதுதான் ஒரு செவலைக் கன்று பிறந்திருந்தது. மறுபடியும் பெட்டை. சிட்டு என்று பெயர் வைத்தார். சீட்டு எடுத்ததில் அவர் வீடு கல்ச்சர் குரூப்பில் விழுந்தது.

"இந்த தபா இதுவும் போச்சுன்னா மாட்டையே வித்துடுவேன்" என்றார் சரளாக்கா. "இன்னொண்ணப் பொதைக்க என்னால ஆவாது. உன்ன நம்பித்தான் குடுக்கிறேன்."

கல்ச்சர் அளவை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் அவர் கையில் கொடுத்தேன். பரீட்சையில் கூட இவ்வளவு சரிபார்த்ததில்லை.

முதல் இரண்டு வாரம் பிரமாதம். சிட்டு துள்ளிக்கொண்டு திரிந்தது. சாணி சாம்பிளில் ஈ.கோலை காலனிகள், அதாவது பிளேட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும் கிருமிக் கூட்டங்கள், கம்மி, எங்கள் லாக்டோபேசிலஸ் ஜாஸ்தி. பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நானே சிரித்துக்கொள்வேன்.

அடுத்து பௌர்ணமி வந்தது. பௌர்ணமி அன்றைக்கு எங்கள் லேபுக்கு லீவு. மலையைச் சுற்ற வரும் கூட்டத்தில் பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும், ஆட்டோ கிடைக்காது, ஸ்கூட்டி நகராது. ஊர்க்காரர்கள் நாங்கள் அன்று அவசரம் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டோம். கல்யாணத் தேதி குறிக்கும்போது கூடப் பார்த்துத்தான் குறிப்போம். சாம்பிள் எடுக்கும் நாட்களையும் அப்படித்தான் போட்டிருந்தோம். பௌர்ணமியும் மறுநாளும் காலி. யாருக்கும் அது விசித்திரமாகவே படவில்லை.

லீவு முடிந்து லேபுக்குள் நுழையும்போதே சரளாக்காவிடமிருந்து போன்.

"ரெகானா, சிட்டு படுத்துக்கிச்சு. தண்ணியா போவுது."

சாரும் நானும் ஓடினோம். சிட்டு மட்டும் இல்லை. பாதையை ஒட்டிய வீடுகளில் கல்ச்சர் கொடுத்தது, கொடுக்காதது என்று வித்தியாசம் இல்லாமல் கன்றுகள் கழிந்துகொண்டிருந்தன. ஏழுமலை அண்ணா ஒரு சொம்பில் உப்பும் சர்க்கரையும் கரைத்து வைத்திருந்தார். சார் தடுத்தார்.

"சர்க்கரை வாணாங்க. கன்னுக்குட்டிக்குச் சர்க்கரை செரிக்காது, கழிச்சல் இன்னும் ஜாஸ்தியாகும். நான் குளுக்கோஸ் கொண்டாந்திருக்கேன், அது செரிக்க வேண்டியதில்ல, நேரா உடம்புல சேர்ந்துடும்."

அன்று முழுக்க சரளாக்கா சிட்டுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். சாயந்தரம் அது தானே எழுந்து நின்றது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலாம்.

திரும்பி வரும்போது காரில் சார் சொன்னார். "பௌர்ணமிக்கு உன் லாக்டோபேசிலஸும் லீவு போட்டுச்சா?" அவர் குரலை மாற்றிக்கொண்டு, "இங்க பாரு, அடுத்த ரவுண்டும் இப்படின்னா ட்ரையல நிறுத்திடலாம். நம்மள நம்பி அவங்க சும்மா உக்காந்திருக்கக் கூடாது" என்றார்.

நிறுத்தினால் சரளாக்காவுக்கு மிச்சம் இருப்பது அந்த மாத்திரைகள்தான். அதன் மேல்தான் கிருமி தலை வைத்துப் படுத்திருக்கிறது.

4. மிதந்தது

சிட்டுவின் கழிச்சல் சாம்பிளை உப்புத் தண்ணீர் டியூபில் கலக்கிக்கொண்டிருந்தேன். மேலே பழுப்பாக ஏதோ மிதந்தது. தவிடு என்று நினைத்தேன். ஆனால் சிட்டு தவிடு தின்னும் வயசு இல்லை, பால் மட்டும்தான். இடுக்கியால் எடுத்துக் கழுவி, லென்ஸில் பார்த்தேன். நீளவாக்கில் வரி வரியாக ஒரு தோல். சாம்பிளை முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது முதல் வருஷப் பாடம். முகர்ந்தேன்.

பிரியாணிக்கு ஏலக்காய் தட்டிப் போட்டே வளர்ந்தவள் நான். எனக்குத் தெரியாதா?

"சார், பால் மட்டும் குடிக்கிற கன்னுக்குட்டி வயித்துல ஏலக்காத் தோல் எப்படி சார்?"

சார் வாங்கிப் பார்த்தார். "பால்ல தட்டிப் போட்டாங்களோ என்னவோ. கேளு."

கேட்டேன். போனில் சரளாக்கா, "இன்னா கேட்ட?" என்று மறுபடியும் கேட்கவைத்தார். அப்புறம், "எங்க டீலயே ஏலக்கா கெடையாது. கன்னுக்குட்டிக்குப் போடுவேனா? உனக்கு இன்னாம்மா ஆச்சு?" என்றார்.

அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. சுவரில் ஒட்டியிருந்த சாம்பிளிங் காலண்டர் முன்னால் போய் நின்றேன். எந்த நாளுக்கு முன்பு வரை கன்று நன்றாக இருந்தது, எந்த நாளுக்குப் பிறகு படுத்தது? நடுவில் இருந்தது நாங்கள் போகாத நாள். அந்தக் கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"சார், அடுத்த பௌர்ணமிக்கு நான் போறேன்."

"எப்படிப் போவ? பஸ் கெடையாது."

"எல்லாரும் எப்படிப் போறாங்களோ அப்படித்தான்."

5. வாசலில்

பௌர்ணமி அன்று மதியத்துக்கு மேல் ஐஸ் பாக்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தேன். நல்ல வெயில். ஒருவர் என்னை நிறுத்தி, "குல்ஃபி இருக்காம்மா?" என்றார். "இல்லீங்க, சாணிக்கு வெச்சிருக்கேன்" என்றேன். அவர் குடும்பத்தை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார்.

சரளாக்கா வீட்டு வாசலில் ஒரு சின்னக் கும்பல். எட்டிப் பார்த்தேன். நடுவில் சிட்டு. குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் சாமந்தி மாலையும் மணியுமாக வேலிக் கம்பத்தில் கட்டியிருந்தது. அவ்வளவு அழகு. வருகிறவர்கள் தொட்டுக் கும்பிட்டு, ஆளுக்கு ஒன்று ஊட்டினார்கள். ஒருவர் வாழைப்பழம். ஒரு குழந்தை பிஸ்கட். ஒரு அம்மா தொன்னையிலிருந்து சர்க்கரைப் பொங்கலை உருட்டி வாய்க்குள் வைத்தார். கொடுக்க ஒன்றும் இல்லாதவர் விரலை நீட்டினார், சிட்டு அதையும் சப்பியது. இத்தனை பேர் கை, இத்தனை பேர் வெல்லம்.

பொங்கலில் ஏலக்காய் வாசனை எனக்கு இரண்டடி தள்ளியே வந்தது.

சரளாக்கா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "வந்துட்டியா? பாத்தியா உன் சிட்டுவ? காலைலேர்ந்து எத்தினி பேரு ஆசீர்வாதம்."

அவரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனேன். இதை எப்படிச் சொல்வது? கும்பிட வந்தவர்கள் கொடுப்பதைக் கொடுக்காதே என்று, அதுவும் நான், அந்த வாசலில் நின்றுகொண்டு. ஆனால் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, அதுக்கு வெல்லம் செரிக்காதுக்கா."

"மாட்டுக்கே வெல்லம் குடுப்போம்மா."

"பெரிய மாட்டுக்கு உள்ள கோடிக்கணக்குல பாக்டீரியா இருந்து செரிச்சுக் குடுக்கும்க்கா. சிட்டுவுக்கு அதெல்லாம் இன்னும் வரல. சர்க்கரைய ஒடைக்கிற சத்தும் அது குடல்ல கெடையாது. பால்ல இருக்கிற இனிப்பு மட்டும்தான் அதுக்குத் தெரியும். மத்ததெல்லாம் செரிக்காம கீழ போயி, கெட்ட கிருமிக்குத்தான் சாப்பாடாவுது. அன்னிக்கு அண்ணா கரைச்ச சர்க்கரைத் தண்ணிய சார் வாணாம்னாரு இல்ல? அதேதான்."

ஏழுமலை அண்ணா பின்னாலேயே வந்து நின்றிருந்தார். "இது இன்னா புதுசா? போன வருசமுந்தான் குடுத்தாங்க. கன்னுக்குட்டி பொறந்தா வாசல்ல கட்டறது எங்க வழக்கம்."

"போன வருசமும்" என்று சரளாக்கா மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவரைப் பார்த்தார். "ரெண்டும் பௌர்ணமி தாண்டித்தானே போச்சு?"

ஏழுமலை அண்ணா துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடியும் எடுத்தார். கடைசியில், "அதுக்குன்னு, வர்றவங்கள வாணாம்னு வெரட்ட முடியுமா?" என்றார்.

சரளாக்கா உள்ளே போய் ஒரு வாய்க்கூடையோடு வந்தார். கதிரடிக்கும்போது தின்னாமல் இருக்க மாட்டு வாயில் மாட்டுவார்களே, அது. காளை மாட்டு அளவு. சிட்டுவுக்கு மாட்டியதும் கண் வரை மறைந்துவிட்டது. அது தலையை ஆட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மா கோபமாக நின்றார்.

"வாயில்லாத ஜீவன் வாயக் கட்டி வெச்சிருக்கீங்களே, நல்லா இருப்பீங்களா?"

"வயிறு சரியில்லீங்கம்மா" என்றார் சரளாக்கா.

"கொஞ்சமா குடுத்தா ஒண்ணும் ஆகாது" என்று அந்த அம்மா கூடையின் ஓட்டை வழியாகவே பொங்கலை உள்ளே தள்ளப் பார்த்தார். நான் கையை நடுவில் நீட்டினேன். பொங்கல் என் கைக்கு வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

"இது ஆவறதில்ல" என்றார் சரளாக்கா. கயிற்றை அவிழ்த்து சிட்டுவைக் கொல்லைப்புறம் இழுத்துப் போனார். திரும்பி வரும்போது கையில் தாய் மாட்டுக் கயிறு. சிட்டு கழுத்து மாலையைக் கழற்றி வந்து அதற்குப் போட்டார். மாலை எட்டவில்லை, கொம்பில் சுற்றினார். ஏழுமலை அண்ணா உள்ளே போய்க் குங்குமம் எடுத்து வந்து மாட்டு நெற்றியில் வைத்தார்.

வரிசையில் ஒருவருக்கும் குறை இல்லை. தொட்டுக் கும்பிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். சரளாக்கா பக்கத்திலேயே ஒரு கட்டு அகத்திக்கீரையை வைத்துக்கொண்டு, "சோறு வாணாம் சாமி, பால் மாடு. கீரை குடுங்க" என்று ஆளுக்கு ஒரு கொத்தாக எடுத்து நீட்டினார். நான் பாதையோர வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கினேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். ஆனால் சரளாக்கா வாசலைக் காட்டியதும் ஒவ்வொரு கன்றாகக் கொல்லைக்குப் போனது.

6. யார் செய்தது

அந்த ரவுண்டில் ஒரு கன்றும் படுக்கவில்லை. நான் குதிக்காத குறை. சார் மட்டும் பிளேட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு தாடையைத் தேய்த்தார்.

"கல்ச்சர் குடுக்காத கன்னுங்களும் நல்லாத்தானே இருக்கு. அப்போ உன் பாக்டீரியா காப்பாத்துச்சா, கொல்லப்புறம் காப்பாத்துச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. மாதக்கணக்கில் வளர்த்த கல்ச்சர். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. இரண்டு குரூப் பிளேட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கல்ச்சர் கொடுத்த கன்றுகளில் ஈ.கோலை இன்னும் கம்மிதான். வித்தியாசம் இருந்தது, நான் ஆசைப்பட்ட அளவுக்கு இல்லை.

"பெரிய பங்கு கொல்லப்புறம்தான் சார். நம்மளுது எவ்ளோன்னு சொல்ல இன்னொரு ட்ரையல் வேணும். இந்த தடவை எல்லா கன்னும் முதல்லேர்ந்தே கொல்லப்புறத்துல."

"பௌர்ணமி அன்னிக்கு யாரு சாம்பிள் எடுப்பாங்க?"

"நாம ரெண்டு பேரும் சார்."

அவர் சிரித்துவிட்டார். ட்ரையல் நிற்கவில்லை. காலண்டரில் அந்த வெள்ளைக் கட்டங்களை நானே சிவப்புப் பேனாவால் நிரப்பினேன்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் சரளாக்கா போன் செய்தார். "ஒண்ணும் இல்ல, சும்மா வந்துட்டுப் போ" என்றார். போனேன். கொல்லையில் வேப்ப நிழலில் சிட்டு படுத்திருந்தது. எதிரே புல் இல்லை, எதுவும் இல்லை. பாதிக் கண்ணை மூடிக்கொண்டு தாடையை மட்டும் பக்கவாட்டில் அரைத்தது. நிறுத்தியது. தொண்டையில் ஒரு உருண்டை மேலே ஏறியது. மறுபடி அரைத்தது.

"நேத்திலேர்ந்து அசை போடுது" என்றார் சரளாக்கா.

ஜூனியர்களுக்கு இதன் அர்த்தம் சொல்ல வேண்டும். அசை போடுகிறது என்றால், புல்லைச் செரிக்கும் பெரிய வயிறு வேலையைத் தொடங்கிவிட்டது. உள்ளே பாக்டீரியாக்கள் ஊர் அமைத்துவிட்டன. அது இனி பால் குடிக்கும் குட்டி இல்லை, மாடு. புத்தகத்தில் இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றுதான்.

"உன் கிருமிங்க எல்லாம் குடி வந்துட்டாங்களா?"

"என்னுது கொஞ்சம்தான்க்கா. அது அம்மா நக்கினதுல வந்தது, புல்லுல வந்தது, அதெல்லாந்தான் நெறைய."

"யாருதா இருந்தா இன்னா, இருக்கட்டும்" என்றார். மாட்டை விற்கிற பேச்சு அதற்கப்புறம் அந்த வீட்டில் வரவில்லை.

நான் கற்றுக்கொண்டது இதுதான். குடலுக்குள் என்ன பாக்டீரியா இருக்கிறது என்று லேபில் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் எண்ணலாம். அதற்கு முன்னால் அந்த வாய்க்கு யார் யார், எப்போது, என்ன ஊட்டுகிறார்கள் என்று போய் நின்று பார்த்துவிடுங்கள். அதிலும் போக முடியாது என்று எல்லாரும் விட்டுவிடுகிற நாளில் கட்டாயம் போங்கள், நடந்தாவது.

சிட்டுவிடமிருந்து நான் எடுத்த கடைசி சாம்பிளில் பால் வாசனை போய் புல் வாசனை வந்திருந்தது. முகர்ந்துதான் சொல்கிறேன்.